நாடக மலருக்கு ஊர்க் கடைகளில் விளம்பரம் வாங்குவது எப்படி?

கோபிசெட்டிபாளையத்தில் சிறிய நாடகக் குழு நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “தை மாதக் கடைசியில் மூன்று நாள் நாடகம் போடுகிறோம். மண்டபத்தில் 300 இருக்கைகள். பார்வையாளர்களுக்குக் கொடுக்க நிகழ்ச்சி மலர் ஒன்று அச்சிட்டு, ஊர்க் கடைகளின் விளம்பரத்தால் செலவில் ஒரு பகுதியையாவது ஈடுகட்ட நினைக்கிறோம். பத்துக் கடைகள் ஏறி இறங்கிவிட்டோம். இரண்டு பேர் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் நன்கொடை கொடுத்தார்கள். மற்றவர்கள் ‘பார்க்கலாம்’ என்றார்கள். எங்கே தவறு செய்கிறோம்?”

தம்பி, அந்த இரண்டு பேரும் கொடுத்தது நன்கொடை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடை அங்கேதான் இருக்கிறது. கேட்டது நன்கொடை, ஆகவே வந்ததும் நன்கொடை. ஒரு கடைக்காரர் நன்கொடைக்கு என்று மனதுக்குள் ஒரு தொகை வைத்திருப்பார். கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா, ரத்ததான முகாம், விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறார். அந்த வரிசையில் போய் நின்றால் ஐந்நூறுக்கு மேல் கிடைக்காது. கிடைத்த ஐந்நூறும் அடுத்த ஆண்டு வரும் என்று சொல்ல முடியாது.

ஈரோட்டில் ஒரு நாடகக் குழுவுக்குப் பதினேழு ஆண்டுகளாக மலர் வேலை பார்த்து வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் நான் நம்பும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆண்டு விளம்பரம் கொடுத்தவர், அடுத்த ஆண்டு நாம் படியேறும்போதே “எத்தனை பக்கம்?” என்று கேட்கிறாரா? விலை வைப்பது, கடையைத் தேர்ந்தெடுப்பது, பிழை திருத்துவது, பிரதியைக் கொண்டுபோய்க் கொடுப்பது என எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை மனதில் வைத்துத்தான் செய்ய வேண்டும். முதல் ஆண்டில் பெரிய லாபம் வராது. அதைக் கணக்கோடு காட்டுகிறேன்.

நடுவில் ஸ்டேபிள் பின் அடிக்கும் மலருக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 24 உள்பக்கங்கள், மேலே அட்டை நான்கு பக்கங்கள், ஏ5 அளவு என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளும் மண்டபம் நிறைந்தால் 900 பேர். குடும்பத்துக்கு ஒரு மலர் போதும், ஆகவே 600 பிரதிகள். பிரதிக்கு ஐம்பது ரூபாய் என்றால் அச்சுச் செலவு 30,000. இது உதாரணத் தொகைதான். உங்கள் அச்சகத்தில் விலைப்புள்ளி வாங்கி இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பின் அட்டை 8,000, உள் அட்டை இரண்டும் தலா 5,000, முழுப்பக்கம் 3,000, அரைப்பக்கம் 1,800, கால் பக்கம் 1,000. மூன்று முழுப்பக்கம், ஆறு அரைப்பக்கம், பன்னிரண்டு கால் பக்கம், அட்டையில் மூன்று. மொத்தம் 24 விளம்பரதாரர்கள், 49,800 ரூபாய். இதில் ஐயாயிரம் வசூலாகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி 44,800. அச்சுச் செலவு போகக் கையில் நிற்பது 14,800. ஒளி அமைப்புக்கும் ஒப்பனைக்கும் உதவும். இதற்காக எண்பது கடைகளாவது ஏற வேண்டியிருக்கும், ஏனென்றால் புதிதாகப் போகிறவர்களுக்கு மூன்றில் ஒருவர் சம்மதித்தாலே பெரிது. இரண்டாம் ஆண்டில் பதினைந்து பேர் தாமாகக் கொடுத்தால் அலைச்சல் பாதியாகிவிடும். லாபம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கால் பக்க விலை முழுப்பக்கத்தின் கால் பங்கை விடக் கூடுதலாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சிறிய விளம்பரத்துக்கும் அதே நடை, அதே வடிவமைப்பு, அதே பிழைதிருத்தம்தான். உள்பக்கங்களில் ஒன்பதுக்கு மேல் விளம்பரம் வேண்டாம். அதைத் தாண்டினால் மலர் தொலைபேசிக் கையேடு போல ஆகிவிடும், யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். நடுப்பக்கத்தை என்ன விலைக்குக் கேட்டாலும் விற்காதீர்கள். நடிகர்கள் பெயரும் கதைச் சுருக்கமும் அங்கேதான் வர வேண்டும்.

இப்போது யாரிடம் போவது என்று பார்ப்போம். எங்கள் பக்கத்துக் குழுக்கள் அதிகம் தவறுவது இதில்தான். பெரிய ஆலை, பெரிய ஏற்றுமதி நிறுவனம் என்று கிளம்பிவிடுகிறார்கள். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்பவரின் வாடிக்கையாளர் ஐரோப்பாவில் இருக்கிறார். கரூரில் பஸ் கூண்டு கட்டுபவருக்கும் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டி வைத்திருப்பவருக்கும் உங்கள் மண்டபத்து 300 பேரால் வியாபாரம் கூடப்போவதில்லை. அவர்கள் கொடுத்தால் அது அன்பு. அதை நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம், அதை நம்பித் திட்டம் போட முடியாது. நீங்கள் தேட வேண்டியவர், உங்கள் பார்வையாளர் தேவை வரும்போது வாசல்படி மிதிக்கும் கடைக்காரர். கண் மருத்துவமனை, பல் மருத்துவர், கண்ணாடிக் கடை, இனிப்புக் கடை, பேக்கரி, மருந்துக் கடை, தையல் கடை, பாட்டு வகுப்பு, பரதநாட்டிய வகுப்பு, இரு சக்கர வாகன ஷோரூம், சொட்டுநீர்ப் பாசனக் கடை, பெயின்ட் கடை. சமையல் ஒப்பந்தக்காரரை மறந்துவிடாதீர்கள். அவருக்குப் பெயர்ப்பலகை வைத்த கடை கிடையாது, ஆகவே அச்சில் தம் எண் வருவதை மிகவும் மதிப்பார்.

உங்கள் நாடகம் தையில் வருகிறது. மார்கழியில் முகூர்த்தம் இல்லை, தை பிறந்ததும் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். நகைக்கடை, பட்டுப்புடவைக் கடை, கல்யாண மண்டபம், பந்தல்காரர், பத்திரிகை அச்சடிப்பவர், போட்டோ ஸ்டுடியோ என்று இத்தனை பேருக்கும் தை, மாசி மாதங்களில் வீடுகளுக்குள் போய்ச் சேரும் ஓர் அச்சுத்தாள் உண்மையாகவே பயன்படும். “எங்கள் நாடகத்துக்கு உதவுங்கள்” என்பதை விட, “தை கடைசியில் குடும்பத்தோடு வருகிற 900 பேர் வரை இந்த மலரைப் பார்ப்பார்கள், அதில் கல்யாணம் பேசும் வீடுகளும் இருக்கும்” என்பது கடைக்காரர் காதில் வேறு விதமாக விழும். இரண்டும் உண்மைதான். இரண்டாவதில் அவருடைய வியாபாரமும் இருக்கிறது.

மண்டபத்துக்கு அருகில் இருக்கும் மெஸ்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாடகம் ஒன்பதேகாலுக்கு முடிகிறது. பசியோடு வெளியே வருகிறவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். ஒருமுறை அப்படி ஒரு மெஸ்காரரிடம் கால் பக்கம் வாங்கி, அதன் கீழே வெட்டி எடுக்கும்படி ஒரு துண்டுச் சீட்டு போட்டோம்: “இதைக் கொடுத்தால் சாப்பாட்டுக்குப் பிறகு காபி இலவசம்.” இரண்டு நாள் கழித்துப் போனபோது, வந்த சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். நாற்பதுக்கும் மேல் இருந்தன. அடுத்த ஆண்டு அவர் கேட்டது அரைப்பக்கம். விளம்பரத்தால் என்ன பயன் என்று கேட்பவருக்கு இப்படி எண்ணிக் காட்டக்கூடிய சான்று ஒன்று இருந்தால், அதன்பிறகு நீங்கள் அதிகம் பேச வேண்டியதில்லை.

நேரம் பார்த்துப் போவது பெரிய விஷயம். போணி ஆகும் முன் படியேறாதீர்கள். காலை பதினொன்றுக்கு மேல் பன்னிரண்டரைக்குள், அல்லது மாலை மூன்றரையிலிருந்து ஐந்துக்குள் போங்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு பணம் கேட்க வேண்டாம். பலர் அந்த நேரத்தில் கல்லாவிலிருந்து காசு எடுத்துக் கொடுப்பதில்லை. ஈரோட்டில் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கிறது, அந்த நேரத்தில் ஜவுளிக்காரர் உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பள நாள். பொள்ளாச்சியில் வியாழக்கிழமை சந்தை. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் எந்த ஊரிலும் வேண்டாம். உங்கள் ஊரில் மார்கழியில் பாரியூர் அம்மன் கோயிலின் குண்டம், அதாவது தீமிதித் திருவிழா, வருகிறது, அதற்கு நன்கொடை கேட்டுப் பலர் ஏறியிருப்பார்கள். ஆகவே கார்த்திகைப் பாதியில் தொடங்கி, மார்கழி முதல் பத்து நாளுக்குள் சுற்றி முடித்துவிடுங்கள். மஞ்சள் மண்டிக்காரர்களை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடலாம். புது மஞ்சள் வரத்து தை, மாசியில்தான் சூடு பிடிக்கும், கையில் பணம் புரள்வதும் அதற்குப் பிறகுதான். சித்திரையில் நாடகம் போடும் ஆண்டில் அவர்களிடம் போங்கள். பள்ளிகளும் அப்படியே. மாணவர் சேர்க்கை நெருங்கும்போது அவர்களே விளம்பரத்துக்கு இடம் தேடுவார்கள்.

போகும்போது இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் நாடகத்தில் நடிப்பவராக இருக்கட்டும். எங்கள் குழுவில் நடிக்கும் ஒரு பெண்ணை அழைத்துப் போனபோது, நகைக்கடைப் பெரியவர் முதலில் கேட்டது நாடகத்தைப் பற்றி அல்ல. “அம்மணி எந்த ஊர், யார் வீட்டுப் பெண்?” என்றுதான் கேட்டார். அவளுடைய அப்பாருவை, அதாவது தாத்தாவை, தெரியும் என்று சொன்னார், காபி வரவழைத்தார், பதினைந்து நிமிடம் பழைய கதை பேசினார். அதன்பிறகுதான் விலைப் பட்டியலைக் கேட்டார். இந்தக் கொங்கு நாட்டில் வியாபாரப் பேச்சுக்கு முன்னால் அந்தப் பேச்சு இருக்கிறது. அதைச் சீக்கிரம் முடித்துவிடப் பார்க்காதீர்கள்.

கல்லாவில் மகன் உட்கார்ந்திருந்தாலும் முடிவு எடுப்பவர் அப்பாவாக இருக்கலாம். “அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்றால், அப்பா எந்த நேரத்தில் கடையில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு அந்த நேரத்தில் போய் நில்லுங்கள். “பார்க்கலாம்” என்ற சொல்லை நம் ஊரில் மறுப்பாகவும் சொல்வார்கள், யாரையும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாத மரியாதை அது. ஒருமுறை திரும்பப் போகலாம். இரண்டாம் முறையும் “பார்க்கலாம்” என்றால், அழைப்பிதழ் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மகிழ்ச்சியாக விடைபெறுங்கள். அவர் நாடகம் பார்க்க வந்தால் அடுத்த ஆண்டு பேச்சு தானாகத் தொடங்கும்.

கையில் என்ன இருக்க வேண்டும்? சென்ற நாடகத்தின் புகைப்படங்கள் நான்கு, விலைப் பட்டியல் ஒரு தாளில், ஒப்புதல் படிவம், ரசீதுப் புத்தகம். மாதிரி மலர் ஒன்றும் வேண்டும். முதல் ஆண்டில் மலர் இருக்காதே என்பீர்கள். வெள்ளைத்தாளை மடித்துப் பின் அடித்து, எந்தப் பக்கத்தில் எது வரும் என்று கையால் எழுதிக்கொண்டு போங்கள். நடுப்பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் இருக்கும் கட்டத்தைக் காட்டி, “திரை விலகும் முன் எல்லோரும் பார்க்கும் இடம் இது” என்று சொன்னால், அவர் விரல் தானாக அந்தக் கட்டத்துக்குப் போகும். ஈரோட்டுப் பெரியவர்களிடம் பேசும்போது நான் இன்னொன்றும் சொல்வதுண்டு: 1944-இல் தமிழ் நாடகக் கலை மாநாடு நடந்தது நம் ஈரோட்டில்தான். கோவையில் என்றால் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டிய வெரைட்டி ஹால் திரையரங்கைச் சொல்வேன். இந்த மண்ணில் கலைக்கு வியாபாரிகள் தோள் கொடுத்த வரலாறு உண்டு என்பதை நினைவுபடுத்த எனக்குக் கூச்சமே இல்லை.

விளம்பர வாசகத்தைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டால் “நாடகம் சிறக்க வாழ்த்துகிறோம்” என்று எழுதித் தருவார். குலதெய்வத்தின் பெயரும் பங்குதாரர்கள் நால்வர் பெயரும் வரும். அவற்றை எடுக்கச் சொல்லாதீர்கள், அது அவர் மனதுக்குப் பிடித்தது. கூடவே இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: என்ன கிடைக்கும், கடை எந்த இடத்தில், எத்தனை மணி வரை, வாட்ஸ்ஆப் எண் எது. கால் பக்கத்துக்கு அதற்கு மேல் வேண்டாம்.

பிழைதிருத்தத்தில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆண்டு, பல் மருத்துவர் ஒருவரின் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி அச்சிட்டுவிட்டோம். தவறு முழுக்க என்னுடையது. யாரோ ஒரு விவசாயியின் எண் அது. பல்வலி என்று அவரை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மருத்துவரிடம் போய் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அந்த விவசாயி வீட்டுக்கும் போய் வந்தேன். மருத்துவர் அடுத்த ஆண்டும் விளம்பரம் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணையும் அச்சுக்குப் போகும் பிரதியிலிருந்து பார்த்து, கைபேசியில் அழைத்துச் சரிபார்த்த பிறகே அனுப்புகிறேன். இறுதிப் படியில் கடைக்காரரின் கையெழுத்தும் வாங்குங்கள். எழுத்துரு இன்னொரு தொல்லை. கடைக்காரர் வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது கைபேசிகளில் வழங்கும் யூனிகோடு எழுத்துமுறை. அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வேலை செய்தால், மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ஆகவே கடைசி பிடிஎஃப்-ஐ ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். ஓர் ஆண்டு அச்சகத்திலிருந்து மலர்க் கட்டு வந்து சேர்ந்தபோது முதல் நாள் நாடகத்தில் இடைவேளையே முடிந்திருந்தது. வெறுங்கையோடு வாசலில் நின்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. நாடகத்துக்கு ஐந்து நாள் முன்பே மலர் வந்தாக வேண்டும் என்று அச்சகத்தில் எழுதி வாங்குங்கள்.

எல்லா விளம்பரத்தையும் வாங்கிவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். 2012-இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழி நிறுவனங்கள் கவிழ்ந்து, ஆயிரக்கணக்கானவர்கள் பணத்தை இழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்பு அந்த நிறுவனங்களின் விளம்பரம் காணாத இடம் இல்லை. எங்கள் மலரிலும் அப்படி ஒன்று முழுப்பக்கமாக வந்தது. கேட்டதும் பணம் கொடுத்தார்கள், நாங்களும் மகிழ்ந்தோம். பிறகு, எங்கள் நாடகங்களுக்குத் தவறாமல் வரும் ஓர் ஆசிரியர் ஓய்வூதியப் பணத்தை அதில் போட்டிருந்தார் என்று தெரிந்தது. எங்கள் மலரைப் பார்த்துத்தான் போட்டார் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குப் பல மாதங்கள் ஆயின. அதிக வட்டி, மாதம் இவ்வளவு நிச்சயம் என்று சொல்லும் எந்த முதலீட்டு விளம்பரமும் வேண்டாம். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. சீட்டு நிறுவனம் என்றால் பதிவுச் சான்றைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். சர்க்கரை நோயை முற்றிலும் குணமாக்குவோம் என்பது போன்ற மருத்துவ விளம்பரங்களுக்கு 1954-ஆம் ஆண்டிலிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது.

பணக் கணக்கு. அட்டை விளம்பரங்களுக்கும் கால் பக்கத்துக்கும் முழுத்தொகையையும் முன்னதாக வாங்குங்கள். மற்றவற்றுக்குப் பாதி முன்பணம். பின் அட்டையை ஒருவருக்குச் சொல்லிவிட்டால், அடுத்தவர் இரண்டு மடங்கு கொடுத்தாலும் மாற்றக் கூடாது. இரண்டு நகைக்கடைகள் இருந்தால் எதிரெதிர்ப் பக்கத்தில் போடாதீர்கள். ரசீதில் “விளம்பரக் கட்டணம்” என்றே எழுதுங்கள், கடைக்காரர் அதை வியாபாரச் செலவாகக் காட்ட முடியும். ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள், ஆகவே பெரிய தொகையை யூபிஐ-யிலோ காசோலையிலோ வாங்குங்கள். உங்கள் குழு அறக்கட்டளையாகப் பதிவாகி, நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் அனுமதி பெற்றிருந்தாலும், விளம்பரத்துக்கு நன்கொடை ரசீது கொடுக்காதீர்கள். ஆண்டு வரவு இருபது லட்சத்தைத் தாண்டாத வரை சேவைகளுக்கு ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவைப்படாது. குழுவின் நிலையை ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கடைசியாக, நான் உயிராகக் கருதும் ஒரு நோட்டுப் புத்தகம் பற்றி. நம் வீடுகளில் மொய் நோட்டு எப்படி வைத்திருக்கிறோமோ, அதே போல விளம்பர நோட்டு ஒன்று போடுங்கள். கடையின் பெயர், ஊர், பக்க அளவு, தொகை, யார் போய்ப் பேசினார்கள், என்ன குறை சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். மொய் எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் போகாமல் இருப்பதில்லை. அப்படியே, விளம்பரம் கொடுத்தவர் கடையில் நம் குழுவினர் பொருள் வாங்க வேண்டும். ஒப்பனைச் சாமானோ, ஒத்திகைக்கு வாங்கும் பலகாரமோ, முதலில் அந்த நோட்டைப் பாருங்கள். அரைப்பக்கத்துக்கு மேல் கொடுத்தவருக்கு இரண்டு டிக்கெட் கொடுத்து, இரண்டாம் வரிசையில் இடம் வையுங்கள். வீட்டம்மாவோடு வரச் சொல்லுங்கள். அந்த அம்மா நாடகம் நன்றாக இருந்தது என்று வீட்டில் சொல்லிவிட்டால், அடுத்த ஆண்டு விளம்பரம் பாதி உறுதியாகிவிட்டது.

நாடகம் முடிந்த மறுநாள் எல்லோருக்கும் அசதியாக இருக்கும். ஆனாலும் அந்த வாரம் முடிவதற்குள் 24 கடைகளுக்கும் நேரில் போய், மலர்ப் பிரதிகள் இரண்டையும் மண்டபம் நிறைந்திருக்கும் புகைப்படம் ஒன்றையும் கொடுங்கள். பாக்கித் தொகையை அன்று நீங்களாகக் கேட்க வேண்டாம், அவரே எடுத்துத் தருவார். மூன்று நாளும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். ஒரு நாள் கூட்டம் குறைவாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், அவர் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.